கண்ணால் காணாமல் திருத்திய வேன்

"ஜவ்பர் நானா! நானா இருக்காரா?"

கராஜ் வாசலில் வேனை நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்காமலே ஒருவர் கூப்பிட்டார். குரலில் அவசரம் இருந்தது, அண்ணன் என்று அழைக்கிற உரிமையும் இருந்தது. நான் சுவருக்கு இந்தப் பக்கம், உள்ளறையில், பாயில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த சுளகு அப்படியே நின்றது.

ஜவ்பர் என் கணவர். அவர் கண் மூடி மவுத்தாகி அன்றைக்கு முப்பத்தொன்பது நாள்.

ஊரெல்லாம் தெரிந்த செய்தி அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கவில்லை. வெளியே என் தம்பி நஸீர் அவரிடம் மெதுவாக ஏதோ சொன்னான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. "அனே..." என்றார் அந்த மனிதர்.

அந்த நேரத்தில் நான் அழுதிருக்க வேண்டும். அழவில்லை. நான் அந்த எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று அடி ஒழுங்காக விழுந்தது, நாலாவது இடறியது. திரும்பவும் மூன்று, திரும்பவும் ஓர் இடறல்.

ஒரு வாசகிக்குப் பதில்

இந்தத் தொடரில் என் கணவரின் மறைவைப் பற்றி எழுதிய பிறகு ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். "இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் உங்களுக்கு எப்படிப் பொழுது போனது?" என்று கேட்டிருந்தார். ஓதினேன், தொழுதேன், அழுதேன் என்று பதில் எழுதத் தொடங்கினேன். அது பாதி உண்மைதான் என்பதால் கிழித்துப் போட்டுவிட்டேன். மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

எங்களில் கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருப்பாள். அலங்காரம் இல்லை, அத்தர் இல்லை, வெளி ஆண்களின் முகத்தில் விழிப்பதில்லை. மகன், தகப்பன், கூடப்பிறந்தவன் மாதிரி உரிமைப்பட்டவர்கள் வரலாம், போகலாம். புருஷனின் அண்ணன்கூட இந்தக் கணக்கில் வெளி ஆள்தான்.

எங்கள் வீடும் கராஜும் கற்பிட்டிக் கடற்கரை ஊரான ஆலங்குடாவில் ஒரே கூரையின் கீழ் இருந்தன. நடுவில் ஒரு செங்கல் சுவர், சுவரில் ஒரு சின்னப் பலகை ஜன்னல். கராஜ் பக்கமிருந்து ஒரு தட்டு அந்த ஜன்னலுக்குள் நுழையும். அந்தத் தட்டில்தான் என் தொழில் வந்து போகும்.

தட்டில் வந்த தொழில்

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்களில் எங்கள் கரைக்கு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். டொல்பின் பார்க்க வந்தார்கள், பட்டம் கட்டிக் கடலில் வழுக்க வந்தார்கள். தென்னங்காணிக்குள் விடுதிகள் முளைத்தன. நேற்றுவரை வலை இழுத்தவர்கள் வேன் வாங்கினார்கள். அந்த வேன்களில் பழைய காபுரேட்டர் இல்லை, இன்ஜெக்டர் இருந்தது. பெற்றோலை ஊசிமுனை அளவு துவாரத்தால் பீய்ச்சுகிற சாமான் அது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். அடைத்துக்கொண்டால் முழு வேனையும் நடுங்க வைக்கும்.

ஜவ்பர் கொழும்புக்குப் போய் இன்ஜெக்டர் கழுவுகிற மெசின் ஒன்றை வாங்கி வந்தார். ஒரு சின்னத் தொட்டி, நாலு கண்ணாடிக் குழாய். தொட்டியில் மருந்துத் தண்ணீரை ஊற்றி இன்ஜெக்டரைப் போட்டால் காதுக்குக் கேட்டும் கேட்காத ஓர் இரைச்சலோடு அது நடுங்கும், அழுக்கு கழன்று வரும். நாங்கள் அதற்குக் குலுக்குத் தொட்டி என்று பெயர் வைத்தோம்.

மெசினைக் கராஜில் வைத்தார். ஆலங்குடாக் காற்றை அறிந்தவர்களுக்குத் தெரியும், இங்கே மண் கேட்டுக்கொண்டு வராது. ஒரு கிழமையில், ஏழே நாளில், கண்ணாடிக் குழாயெல்லாம் மணல். "இது உள்ளுக்குத்தான் சரி" என்று மெசினைத் தூக்கி என் அறையில் வைத்தார். உள்ளுக்கு வந்த மெசினைத் தொட உள்ளுக்கு இருந்தவள் நான்தானே.

முதலில் குழாயைத் துடைத்தேன். பிறகு ரப்பர் வளையம் மாற்றினேன். ஒரு வருடத்தில் இன்ஜெக்டர் வேலை முழுவதும் என் கைக்கு வந்துவிட்டது. அவர் தட்டில் வைத்துத் தள்ளுவார், நான் கழுவிப் பீய்ச்சிப் பார்த்துத் திருப்பித் தள்ளுவேன். வெளியில் யாருக்கும் தெரியாது. "ஜவ்பர் நானாட கை நல்ல கை" என்பார்கள். நான் உள்ளிருந்து சிரித்துக்கொள்வேன். கொஞ்சம் எரிச்சலும் வரும், அதையும் மறைப்பானேன்.

அவருக்கு ஒரு பழக்கம். எஞ்சினைத் திருத்தி முடித்ததும் ஒரு கிளாஸ் பிளேன்ரீயை, பால் சேராத தேநீரை, விளிம்பு வரை நிரப்பி, ஓடுகிற எஞ்சினின் மேல் வைப்பார். ஒரு சொட்டும் சிந்தாவிட்டால் வேலை சரி. பிறகு அதே கிளாஸைத் தட்டில் வைத்து ஜன்னலால் எனக்குத் தள்ளுவார். நான்தான் குடிக்க வேண்டும். பாராட்டுப் பேச்செல்லாம் அவருக்கு வராது. அந்தக் கிளாஸ்தான் அவருடைய பாராட்டு.

ஹசன் மச்சான் எடுத்த முடிவு

ஜவ்பரின் அண்ணன் ஹசன் மச்சான் கெட்டவர் இல்லை. இதை முதலிலே சொல்லிவிட வேண்டும். தம்பியின் மையித்தைக் குழியில் இறக்கிய கையால் என் இரண்டு பெண் பிள்ளைகளின் தலையைத் தடவி, "இனி நான் இரிக்கன்" என்று சொன்னவர். சொன்னபடி அரிசியும் தேங்காயும் வந்துகொண்டுதான் இருந்தன.

ஆனால் கராஜ் விஷயத்தில் அவர் ஒரு முடிவு எடுத்திருந்தார். நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவது வியாழக்கிழமை. அடுத்த நாள், பள்ளியில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் சிலாபத்திலிருந்து ஓர் ஆள் வந்து மெசினையும் சாமான்களையும் பார்த்துக் கொண்டுபோவார். கராஜ் பூட்டப்படும். நானும் பிள்ளைகளும் அவர் வீட்டுக்குப் போவோம்.

என் மாமியார் இதை உள்ளறைக்கு வந்து என்னிடம் சொன்னார்.

"எஞ்சின் பாக்கிற ஆள் மவுத்தாப் போச்சே ரினோசா புள்ள. இனி இந்தச் சாமானெல்லாம் ஆருக்கு?"

"நான் இரிக்கன் மாமி."

"நீ கழுவுவாய். எது கழுவணும் எண்டு ஆரு செல்லுற?"

அவர் கேட்டது நியாயம். நோயைக் கண்டுபிடிப்பது ஜவ்பரின் வேலை, மருந்து கொடுப்பது என் வேலை. வைத்தியர் இல்லாத ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுபவர் மட்டும் இருந்து என்ன?

நஸீர் இருந்தான், அதை நான் மறுக்கவில்லை. என் தம்பி, ஆட்டோ திருத்துவதில் கெட்டிக்காரன். ஆனால் ஆட்டோவுக்கு ஒரு சிலிண்டர். வேனுக்கு நாலு. "ராத்தா, எனக்கு ஒண்டோடயே ஏலாம இரிக்கு, நாலை வச்சி எப்படிக் குடும்பம் நடத்துற?" என்பான். அவன் மனைவி பக்கத்தில் இருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்வான்.

நாலாவது அடி

முப்பத்தொன்பதாம் நாளுக்கு வருகிறேன். அது புதன்கிழமை. வந்தவர் கண்டக்குழி பெனடிக்ட். படகு வைத்திருந்தவர். படகைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, விடுதி ஒன்றின் ஆட்களை ஏற்றி இறக்க வேன் வாங்கியிருந்தார். வேன் நின்ற இடத்தில் உதறியது. ஓடும்போது பரவாயில்லை, சந்தியில் நிறுத்தினால் நடுக்கம். இரண்டு இடங்களில் காட்டிவிட்டார். ஓரிடத்தில் பிளக் நாலையும் மாற்றினார்கள். மற்ற இடத்தில் நாலு இன்ஜெக்டரும் புதிதாகக் கொழும்பிலிருந்து வர வேண்டும், ஒரு கிழமை செல்லும் என்றார்கள். மறுநாள் விமான நிலையத்துக்கு ஓட்டம் இருந்தது. வேன் போகாவிட்டால் விடுதிக்காரர் வேறு வேன் பிடித்துக்கொள்வார்.

"வேற எங்கயாவது பாருங்க அண்ணன்" என்று நஸீர் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் சுளகை வைத்துவிட்டு எழுந்து பலகை ஜன்னலைத் தட்டினேன். ஜன்னலில் வெள்ளைத் துணித் திரை தொங்கியது. நஸீர் அந்தப் பக்கம் வந்து குனிந்தான்.

"நாலுல ஒண்டு வேல செய்யல்ல. அவரப் போக விடாத."

"நீ எப்படிக் கண்டாய்?"

"காணல்ல. கேக்குது."

கேட்கத்தான் செய்தது. ஏழெட்டு வருடம் நான் இந்தச் சுவரோடு வாழ்ந்திருக்கிறேன். ஜவ்பர் தனியாக நின்றாலும் எஞ்சினோடு கதைத்துக்கொண்டுதான் வேலை செய்வார். "ஒழுங்கா ஒரே இடத்தில அடி தப்புறாய் எண்டா உங்கள்ல ஒருத்தன் கள்ளன். கண்டபடி தப்புறாய் எண்டா நாலு பேருக்கும் சாப்பாடு சரியில்ல" என்பார். அந்தக் கதை முழுவதும் எனக்கு மனப்பாடம். அவர் அதை என்னிடம் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. சோறு வடிக்கும்போதும் பிள்ளைக்குத் தலை சீவும்போதும் சுவர் வழியாக வந்து காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

நஸீரிடம் சொன்னேன்: எஞ்சினை ஓடவிட்டு இன்ஜெக்டர் வயரை ஒவ்வொன்றாகக் கழற்று, கழற்றியதைத் திரும்ப மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போ.

முதலாவதைக் கழற்றினான். சத்தம் இன்னும் கீழே விழுந்தது. மாட்டினான், எழும்பியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றினான். நான் கண்ணை மூடிக் காதைச் சுவரில் வைத்திருந்தேன். ஒரு மாற்றமும் இல்லை. இருந்தாலும் ஒன்று இல்லாவிட்டாலும் ஒன்று.

"இவன்தான்" என்றேன். "சும்மா இரிந்து சோறு திண்டுற்று இரிக்கான்."

"பிளக் பழுதாயிருந்தா?"

நல்ல கேள்வி. மூன்றாவதின் பிளக்கையும் கொயிலையும் முதலாவதற்கு மாற்றச் சொன்னேன். இடறல் இடம் மாறவில்லை, மூன்றிலேயே நின்றது. அமுக்கம் அளக்கச் சொன்னேன். நாலும் ஒன்றுபோல இருந்தது. நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை மூன்றாவது இன்ஜெக்டரில் வைத்து, பிடியைக் காதில் வைக்கச் சொன்னேன்.

"டிக்டிக் எண்டு அடிக்குது ராத்தா."

"அப்ப கரண்ட் போகுது, வாய்தான் அடைச்சிருக்கு. கழற்றிக் கொண்டா."

அதற்குள் ஹசன் மச்சான் கத்தத்துக்கு விறகு இறக்க வந்துவிட்டார். இத்தாவில் இருக்கிறவளின் சத்தம் கராஜ் வரை கேட்பதைக் கண்டு அவருக்கு முகம் சுருங்கியிருக்க வேண்டும். மாமியாரைக் கூப்பிட்டு ஏதோ கதைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மாமியார் வந்து என் முன்னால் நின்றார். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன்.

"பள்ளி ஹசரத்திட்ட ஆள் அனுப்பி மார்க்கம் கேட்டன்" என்றார். "தேவைக்குத் திரைக்குப் பின்னால நிண்டு கதைக்கலாமாம். பாட்டுத்தான் படிக்கப் படாதாம்."

ஹசரத் பாட்டைப் பற்றிச் சொன்னாரா, மாமியார் சேர்த்துக்கொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பன்னீர்ச் செம்பு

நாலு இன்ஜெக்டரும் தட்டில் வந்தன. கண்ணாடிக் குழாய்க்கு மேல் மாட்டிப் பீய்ச்ச விட்டேன். மூன்று, கலியாண வீட்டுப் பன்னீர்ச் செம்பைப் போல மெல்லிய தூறலாகத் தெளித்தன. மூன்றாவது இலக்கக்காரன் மூக்கொழுகிய பிள்ளை. சொட்டு, சொட்டு, பிறகு ஒரு பக்கமாக ஒரு நூல்.

கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த சல்லடை கறுத்துக் களிம்பு பிடித்துக் கிடந்தது. குலுக்குத் தொட்டியில் மூன்று தடவை போட்டேன். மருந்துத் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. சல்லடையும் ரப்பர் வளையமும் புதிது போட்டேன். திரும்பப் பீய்ச்சியபோது நாலு குழாயிலும் ஒரே மட்டத்துக்கு ஏறியது. அதைப் பார்க்கிற சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? கணவன் போய் நாற்பது நாள் ஆகாதவள் சந்தோஷம் என்று எழுதலாமா? எழுதுகிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

நஸீர் திரும்ப மாட்டிக் கிளப்பினான், வேன் உறுமியது. இடறல் இல்லை. பெனடிக்ட் கையைத் தட்டிச் சிரித்தது உள்ளே கேட்டது. அவசரமாகப் புறப்பட்டுப் போய்விட்டார்.

"கிளாஸ் வச்சிப் பாத்தியா?" என்று நஸீரிடம் கேட்டேன்.

"மறந்துட்டன் ராத்தா."

போகட்டும் என்று விட்டேன். அன்று எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துத்தான் இருந்தது.

படகுக் கதை ஒன்று

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்.

நான் பிறந்தது மன்னார்க் கரையில். சண்டைக் காலத்தில் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது எனக்கு ஏழு வயது இருக்கும். என்னைப் பெற்ற வாப்பா மீன்பிடிக்காரர். எங்கள் வள்ளத்தில் முப்பது பேருக்கு மேல் ஏறினோம். கொண்டுவந்தது ஒரு தையல் மெசின், ஒரு குர்ஆன், மூன்று எண்ணெய்க் கேன். நடுக்கடலில் எஞ்சினுக்கு எண்ணெய் தீர்ந்தது. வாப்பா அடுத்த கேனைத் திறந்து ஊற்றினார். யாரோ ஒரு மனிசர் பயத்தில், "கேனுக்குள்ள தண்ணி கிண்ணி இல்லயே?" என்று கேட்டார். அந்த நேரத்திலும் வாப்பாவுக்குக் கோபம் வந்தது. "எண்ட கேன்ல தண்ணியா?" என்றார்.

கடல்காரர்களின் வழக்கம் அது. எண்ணெய்க் கேனைக் கழுவ மாட்டார்கள், முழுதாக வெறுமையாக்கவும் மாட்டார்கள். அடியில் எப்போதும் நாலு விரல் பழைய எண்ணெய் நிற்கும். வெறுங்கேனில் ஈரம் பூக்கும், ஈரம் எஞ்சினுக்குள் போனால் நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிடும். அந்தக் கேனை வாப்பா கழுவியிருந்தால் நான் இன்று இதை எழுத இருந்திருப்பேனோ தெரியாது. கற்பிட்டிக் கரையில் இறங்கினோம், கரைத்தீவில் ஓலைக்குடில் போட்டோம். அந்தக் கேன்கள் பிறகும் எத்தனையோ வருடம் எங்கள் குடில் மூலையில் நின்றன. படகு எண்ணெய் என்றால் மண்ணெண்ணெயோடு ஒயில் கலந்தது. அந்த மணத்தில்தான் நான் வளர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை

வியாழன் கத்தம் நல்லபடி முடிந்தது. வெள்ளி காலை பத்து மணி இருக்கும். வேனின் சத்தம் கேட்டது. உதறிக்கொண்டு வந்தது.

"என்ன நஸீர், திருத்தினதா இது? வெள்ளக்காரங்களுக்கு முன்னால மானம் போச்சு! சந்தியில நிண்டு புகை கக்குது!" பெனடிக்ட் கத்தினார். அவர் கோபம் நியாயமானது. ஹசன் மச்சானும் ஜும்ஆவுக்கு உடுத்த வெள்ளைச் சட்டையோடு அங்கே நின்றிருந்தார்.

"நான் அப்பவே செல்லல்லயா?" என்றார். அவர் குரலில் வெற்றி இல்லை, கவலைதான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. "ரினோசாவுக்குச் செல்லு, செஞ்சது காணும் எண்டு. சிலாபத்து ஆள் ஜும்ஆவுக்குப் பொறகு வாறார்."

நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றோடு எல்லாம் முடிந்தது, இனி மச்சான் வீட்டு மூலையறையில் அவர் தருவதைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். வேன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகுதான் கேட்டேன். கேட்டேன் என்றால் உண்மையாகவே காது கொடுத்தேன். இது புதன்கிழமைச் சத்தம் இல்லை. அன்று மூன்று அடி, ஓர் இடறல். இன்று ஒழுங்கே இல்லை. ஐந்து அடி, ஓர் இடறல், இரண்டு அடி, இரண்டு இடறல்.

நாலு பேருக்கும் சாப்பாடு சரியில்லை.

ஜவ்பர் ஒவ்வொரு தடவையும் கேட்கிற கேள்வி ஒன்று இருந்தது. "அழுக்கக் கழுவினாய், சரி. எங்கயிருந்து வந்த அழுக்கு?" புதன்கிழமை நான் அதைக் கேட்கவில்லை. கத்த வீட்டுச் சாம்பிராணிப் புகையில் மணம் தெரியவில்லை என்று சாட்டுச் சொல்லலாம். அது பொய். கழுவின கையின் பெருமையில் மூக்கை மறந்துவிட்டேன்.

"நஸீர், டேங்கிலயிருந்து ஒரு கிளாஸ் பெற்றோல் எடுத்துத் தா."

தட்டில் வந்தது. முகர்ந்தேன். ஏழு வயதுப் பிள்ளையாக வள்ளத்தின் அணியத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். மகளின் கொப்பியில் ஒரு தாள் கிழித்து இரண்டு சொட்டு விட்டேன். நல்ல பெற்றோல் என்றால் சுவடில்லாமல் பறந்துவிடும். இது காய்ந்த பிறகும் எண்ணெய் வட்டமாக நின்றது.

தம்பியை நடுவில் வைத்துக் கதைக்க எனக்கு இனிப் பொறுமை இல்லை. தேவைக்குக் கதைக்கலாம் என்று ஹசரத்தே சொல்லிவிட்டாரே.

"பெனடிக்ட் அண்ணன், வேனுக்கு எண்ணெ எங்க அடிக்கிறீங்க?"

சுவருக்குள்ளிருந்து பெண் குரல் வந்ததும் பெனடிக்டின் செருப்புச் சத்தம் ஜன்னல் பக்கம் வந்தது.

"பெற்றோல் ஷெட்லதான் தங்கச்சி, மாதா அறிய! நான் கலப்படம் செய்ற ஆள் இல்ல."

"ஷெட்லயிருந்து எதுல கொண்டு போவீங்க?"

"கேன்ல. விடியக்காலமே ஓட்டம் இருக்கும், ஷெட் தூரம். தம்பிட படகுக்கு எண்ணெ எடுக்கப் போகக்குள்ள சேத்து எடுத்து வைப்பன். நேத்தும் கேன்லயிருந்துதான் ஊத்தினேன்."

"அந்தக் கேன் படகுக் கேனா?"

"ஓம்."

"கழுவினீங்களா?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கேனைக் கழுவுறதா? என்ன கதை இது தங்கச்சி! எந்தக் கடல்காரன் கேனைக் கழுவுவான்?"

நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. நாற்பத்தொரு நாளில் முதல் சிரிப்பு. மாமியார் குசினியிலிருந்து ஓடி வந்து, எனக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பார்த்தார்.

"அண்ணன், எங்க வாப்பாவும் கழுவ மாட்டார்" என்றேன். "அந்தப் பழக்கம்தான் எங்கள இந்தக் கரைக்குக் கொண்டு சேத்தது. நீங்க செஞ்சது பிழை இல்ல. கடலுக்கு அது சரி, வேனுக்கு அது நஞ்சு. ஒவ்வொரு தரமும் நாலு விரல் படகு எண்ணெ உங்கட வேன் குடிக்குது."

பிறகு பெனடிக்ட் மெதுவாக, "அட கடவுளே, நானே ஊத்தியிருக்கேன்" என்றார்.

ஜும்ஆவுக்கு முன்னும் பின்னும்

நேரம் போதவில்லை. நஸீர் டேங்கை முழுக்க இறக்கினான். பில்டரைக் கழற்றித் தட்டில் தள்ளினான், தார் மாதிரி இருந்தது, புதிது போடச் சொன்னேன். பிளக் நாலும் கறுத்து நனைந்து வந்தன, துடைத்து அனுப்பினேன். இன்ஜெக்டரை ஒருதரம் பீய்ச்சிப் பார்த்தேன், நாலும் நன்றாகவே தெளித்தன. புதன்கிழமை வேலையில் குறையில்லை என்று அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. பெனடிக்ட் ஆட்டோ பிடித்து ஷெட்டுக்குப் போய், கடையில் புதுக் கேன் வாங்கி நல்ல பெற்றோல் கொண்டுவந்தார். பாங்கு சொன்னதும் நஸீர் கையைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினான்.

தொழுகை முடிந்து வந்தார்கள். சிலாபத்து ஆளின் சின்ன லொறியும் வந்து நின்றது. நான் திரைக்குப் பின்னால் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். நஸீர் வேனைக் கிளப்பினான்.

முதலில் புகைத்து இருமியது. பிறகு மெல்ல மெல்ல ஒன்று சேர்ந்தது. அடுத்த நிமிடம் அந்தச் சத்தத்தில் நாலு என்பதே இல்லை, ஒரே இழை. அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

"உம்மா, ஒரு பிளேன்ரீ ஊத்துங்க. விளிம்பு வரைக்கும்" என்று ஹசன் மச்சான் மாமியாருக்குக் குரல் கொடுத்தது கேட்டது. சிலாபத்து ஆளுக்காக்கும் என்று நினைத்தேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நல்ல நேரம் ஓடியது.

பலகை ஜன்னல் தட்டப்பட்டது. திரையின் கீழால் தட்டு உள்ளே வந்தது. தள்ளிய கை நஸீரின் கை அல்ல. கிரீஸ் படாத வெள்ளைச் சட்டைக் கை. தட்டில் ஒரு கிளாஸ் பிளேன்ரீ. விளிம்பு வரை இருந்தது. தட்டு ஈரமே இல்லை.

"தம்பி இதத்தானே செய்ற?" என்றார் ஹசன் மச்சான் அந்தப் பக்கமிருந்து. "ஒரு சொட்டும் சிந்தல்ல ரினோசா. குடி."

கிளாஸை இரண்டு கையாலும் எடுத்தேன். தேத்தண்ணி ஆறியிருந்தது. கிளாஸின் அடி மட்டும் எஞ்சின் சூட்டில் கதகதப்பாக இருந்தது. நாற்பத்தொரு நாளாக அழுத அழுகையெல்லாம் வேறு, அன்று அழுதது வேறு. அழுதுகொண்டே முழுவதையும் குடித்தேன்.

வெளியே மச்சான் சிலாபத்து ஆளிடம், மெசின் விற்பதற்கில்லை, வீணாக அலையவைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆள் சலித்துக்கொண்டே போய் லொறியைக் கிளப்பினார்.

நான் கண்ணைத் துடைத்தேன். வெறுங்கிளாஸைத் தட்டில் வைத்தேன். காதைச் சுவரோடு சேர்த்தேன்.

"நஸீர்!" என்றேன். "அந்த லொறிய மறி. அதுட சத்தமும் சரியில்ல."